ஆர்.டி.ஐ. மனுவில் நம்ம ஊர்க்காரர்கள் சறுக்கும் இடங்கள்

ஊராட்சித் தலைவர் மேல் சந்தேகம் வந்ததும் "ஆர்.டி.ஐ. போட்டுருவோம்", அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுக் கொடுப்போம் என்று கிளம்புகிறவர்கள் நெல்லைச் சீமையில் நிறையப் பேர் உண்டு. மனுவைப் படித்தால்தான் சங்கடம். அது தகவல் கேட்கிற மனுவா, திங்கட்கிழமை கொக்கிரகுளத்தில் கலெக்டரிடம் நீட்டுகிற புகாரா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மாதிரிக்கு ஒன்று: "எங்கள் தெரு வாறுகால் (கழிவுநீர் வாய்க்கால்) ஏன் பாதியில் நிற்கிறது? இதில் பிரசிடெண்ட் எவ்வளவு கமிஷன் எடுத்தார்? அவர் மேல் நடவடிக்கை எடுப்பீர்களா, மாட்டீர்களா?"

கேட்பவருக்கு வயிற்றெரிச்சல், நியாயம்தான். ஆனால் ஒரு மாதம் கழித்து ஒரே வரியில் பதில் வரும்: தாங்கள் கோரியது 'தகவல்' என்ற வரையறைக்குள் வராது. எரிச்சலாக இருந்தாலும் அந்தப் பதிலில் சட்டப்படி குற்றம் சொல்ல முடியாது. ஆபீசில் காகிதமாகவோ கம்ப்யூட்டரிலோ ஏற்கெனவே இருப்பதைத்தான் கொடுக்க வேண்டும், உட்கார்ந்து யோசித்துப் புதிதாக விளக்கம் எழுதித் தர வேண்டியதில்லை என்று உச்ச நீதிமன்றம் 2011இலேயே சொல்லிவிட்டது. அதனால் மனுவில் "ஏன்", "எப்படி", "சரியா" என்று வருகிற வாக்கியங்களை அடித்துவிட்டு, அந்தக் கேள்விக்கான பதில் எந்தக் காகிதத்தில் கிடக்கும் என்று யோசித்து அந்தக் காகிதத்தைக் கேளுங்கள். வாறுகால் ஏன் நின்றது என்பதற்குப் பதில், காண்ட்ராக்டருக்கு அனுப்பிய நோட்டீசிலும், கால நீட்டிப்பு கொடுத்த உத்தரவிலும், அந்தக் கோப்பில் அதிகாரிகள் எழுதிய குறிப்புகளிலும் இருக்கும். மூன்றுக்கும் நகல் கேட்கலாம், கோப்புக் குறிப்பும் சேர்த்துத்தான்.

என்ன காகிதம் இருக்கும் என்று தெரியாமல் கேட்பது இதோடு ஒட்டிப் பிறந்த தவறு. ஒரு வாறுகாலோ பேவர் பிளாக் தெருவோ போடுவதற்கு முன் தீர்மானம் போட்டிருப்பார்கள், எஸ்டிமேட் போட்டிருப்பார்கள், நிர்வாக அனுமதியும் தொழில்நுட்ப அனுமதியும் வாங்கியிருப்பார்கள், டெண்டர் விட்டிருந்தால் யார் யார் எவ்வளவுக்குக் கேட்டார்கள் என்கிற ஒப்பீட்டுப் பட்டியல் இருக்கும், அப்புறம் பணி ஆணை, எம்-புக், பில், பணம் போன வவுச்சர், பணி நிறைவுச் சான்று. இவ்வளவும் தனித்தனித் தாள்கள். "அந்த வேலை சம்பந்தமான அனைத்துத் தகவல்களும்" என்று எழுதினால் அவர்கள் எதைக் கொடுக்கலாம் என்று அவர்களே முடிவு செய்துகொள்வார்கள். பெயர் சொல்லிக் கேட்டால் அந்த வசதி இருக்காது.

இதில் ஒன்றே ஒன்றுதான் கேட்க முடியும் என்று யாராவது கட்டாயப்படுத்தினால் எம்-புக்கைக் கேளுங்கள். அளவு புத்தகம். யூனியன் (ஊராட்சி ஒன்றிய) ஓவர்சியர் வேலை நடந்த இடத்தில் அளந்து எழுதுகிற கணக்கு அது. என்ன வேலை, எத்தனை இடம், நீளம், அகலம், ஆழம், மொத்த அளவு, அளந்த தேதி, அளந்தவர் கையெழுத்து, மேலே உள்ள பொறியாளர் சரிபார்த்த கையெழுத்து எல்லாம் அதில் வரும். பில் என்பது இந்த அளவை ரேட்டால் பெருக்கியதுதான். நகல் கையில் கிடைத்ததும் ஒரு ஐம்பது மீட்டர் டேப்பை எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போங்கள். எம்-புக்கில் 120 மீட்டர் என்று இருந்து தெருவில் 90தான் வருகிறது என்றால், கமிஷன் எவ்வளவு என்று யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் பகலில், ஊர்க்காரர்கள் நாலு பேரை வைத்துக்கொண்டு, போட்டோ எடுத்து, இரண்டு முனையையும் தெளிவாகக் குறித்து அளக்க வேண்டும். எம்-புக்கில் சின்னக் கல்வெட்டுப் பாலத்தையோ குறுக்கு வாறுகாலையோ தனி வரியாகச் சேர்த்திருப்பார்கள், அதைக் கவனிக்காமல் "முப்பது மீட்டரைக் காணோம்" என்று வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு அசிங்கப்பட வேண்டாம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஆர்.டி.ஐ. சட்டத்தின் பிரிவு 2(ஜே)படி வேலையில் பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியையே கேட்கலாம். கான்கிரீட் விரலால் சுரண்டினாலே உதிர்கிறது என்று சந்தேகம் இருந்தால் அந்த வழியும் இருக்கிறது.

சரி, யாரைக் கேட்பது? இங்கேதான் நம்ம மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல். ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. 2019 டிசம்பரில் மற்ற மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தபோது, அதற்கு முந்தைய மாதம்தான் தென்காசி தனி மாவட்டமாகப் பிரிந்திருந்ததால் நெல்லை, தென்காசி உட்பட ஒன்பது மாவட்டங்களை ஒதுக்கி வைத்தார்கள். நமக்குத் தேர்தல் நடந்தது 2021 அக்டோபரில். ஆக நடுவில் ஐந்து வருஷம் ஊராட்சிகளில் தலைவரே கிடையாது, தனி அலுவலர்கள் ஆட்சி. அந்தக் காலத்தில் போட்ட குடிநீர்த் தொட்டிக்கு இப்போதைய பிரசிடெண்டைத் திட்டி மனுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், பழைய பிரசிடெண்டைத் திட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். முதலில் வேலை நடந்த நிதியாண்டைக் கண்டுபிடியுங்கள். அதேபோல, தலைவர் பதவி முடிந்து போய்விட்டாரே, இனி என்ன கேட்க என்று விட்டுவிடுவதும் தவறுதான். ஆள் போனாலும் கோப்பு ஆபீசில்தான் இருக்க வேண்டும்.

ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கத்துக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை: 2019 நவம்பருக்கு முந்தைய மாவட்ட அளவிலான கோப்பு தென்காசியில் இருக்கிறதா, கொக்கிரகுளத்தில் இருக்கிறதா? தெரியாவிட்டால் ஒரு இடத்துக்குப் போடுங்கள். தன்னிடம் இல்லாததை உரிய ஆபீசுக்கு ஐந்து நாளுக்குள் அனுப்பி, உங்களுக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும் என்று பிரிவு 6(3) சொல்கிறது. "எங்களிடம் இல்லை" என்று மட்டும் பதில் போட்டுக் கையைக் கழுவ முடியாது. இருந்தாலும், ஒரே மனுவில் யூனியனையும் நெடுஞ்சாலைத் துறையையும் எம்.எல்.ஏ. நிதிக்கு ஊரக வளர்ச்சி முகமையையும் சேர்த்துக் கட்டினால் ஆளாளுக்குப் பந்தை உதைத்துக்கொண்டிருப்பார்கள். ஆபீசுக்கு ஒரு மனு. பாளையங்கோட்டையில் இருக்கிறவர்களுக்குக் கேட்க வேண்டியது மாநகராட்சி, விக்கிரமசிங்கபுரத்துக்காரர்களுக்கு நகராட்சி, ஊராட்சி என்றால் யூனியன் ஆபீசில் கிராம ஊராட்சிகளைப் பார்க்கிற பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) பக்கம். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. வெப்சைட்டில் மாநில ஆபீசுக்கு மனுப் போட்டால் திரும்பி வரும், கட்டிய பணம் திரும்பி வராது.

மனுவை இளைஞர் மன்ற லெட்டர்பேடில், சங்கத்தின் பெயரில் போடாதீர்கள். சட்டம் உரிமை கொடுத்திருப்பது குடிமகனுக்கு. ஆள் பெயரில் கையெழுத்துப் போட்டால் இந்தச் சாக்கு அடிபட்டுப் போகும். காரணம் எழுத வேண்டியதில்லை, எழுதவும் வேண்டாம். பத்து ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டுங்கள், வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் அதுவும் வேண்டாம், சான்று நகல் வைத்தால் போதும். நேரில் கொடுத்தால் சீல் வைத்த ஒப்புதல் வாங்காமல் நகரக் கூடாது. பதிவுத் தபாலை 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் கவுண்டரில் ஒப்புகை வேண்டும் என்று வாய் திறந்து கேளுங்கள்.

"2011 முதல் இன்றுவரை அனைத்து வரவு செலவு" என்று கேட்பது வீரமாகத் தெரியும். பக்கத்துக்கு இரண்டு ரூபாய் வீதம் நீங்கள் கட்ட முடியாத ஒரு தொகையை எழுதி அனுப்புவார்கள், இல்லையென்றால் ஆபீஸ் வேலை கெடுகிறது என்று பிரிவு 7(9)ஐக் காட்டுவார்கள். அவ்வளவு பெரிய காலத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நகல் கேட்காமல் 'கோப்புகளை நேரில் பார்வையிட அனுமதி' கேளுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய், தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், எம்-புக் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வேண்டிய பக்க எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு அந்தப் பக்கங்களுக்குப் பணம் கட்டுங்கள். கிளம்பும்போது "கேட்ட எல்லாவற்றையும் பார்த்துத் திருப்தியடைந்தேன்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள். எதைக் காட்டினார்கள், எதைக் காட்டவில்லை என்று உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டீ வாங்கித் தந்து, "அண்ணாச்சி, நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்" என்று ஆரம்பித்தால் டீயைக் குடித்துவிட்டு அடுத்த கோப்பைக் கேட்கலாம், தப்பில்லை.

இதற்கெல்லாம் முன்னால், ஏற்கெனவே வெளியே கிடப்பதைப் பார்த்துவிடுங்கள். நூறு நாள் வேலையின் மஸ்டர் ரோல் (வேலைக்கு வந்தவர்களின் வருகைப் பதிவேடு), ஈ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் நிதிக்குழு மானியச் செலவு, எம்.எல்.ஏ., எம்.பி. வேட்புமனுவோடு கொடுத்த சொத்துப் பிரமாணப் பத்திரம் எல்லாம் ஆன்லைனில் உண்டு. கேள்வி கூர்மையாவது அங்கேதான்.

தலைவரின் வீடு, பேங்க் பாஸ்புக், மச்சினன் வாங்கிய கார் பற்றியெல்லாம் ஆர்.டி.ஐ.யில் கேட்பது வீண். தனிப்பட்ட விவரம் என்று பிரிவு 8(1)(ஜே) முன்பே தடுத்துக்கொண்டிருந்தது, 2023ஆம் வருஷத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அந்தப் பிரிவை இன்னும் இறுக்கிவிட்டது. முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே இருந்த பொதுநலன் விலக்கைத் தூக்கிவிட்டார்கள். ஆபத்து என்னவென்றால் காண்ட்ராக்டர் பெயரைக் கேட்டாலும், பயனாளிப் பட்டியலைக் கேட்டாலும் இதையே காட்டி மறுக்கப் பார்ப்பார்கள். பிரிவு 8(2) இன்னும் இருக்கிறது. மறைப்பதால் வரும் பாதுகாப்பைவிடப் பொதுநலன் பெரிது என்றால் கொடுக்கலாம் என்கிறது. முதல் மனுவில் காரணம் வேண்டாம் என்றேன், மேல்முறையீட்டில் இந்தப் பொதுநலன் என்ன என்று கட்டாயம் எழுதுங்கள். "கோப்பு காணவில்லை" என்ற பதில் வந்தால் பயப்பட வேண்டாம், மறுப்பதற்கான காரணங்களின் பட்டியலில் அது இல்லவே இல்லை. காணாமல் போனதற்குப் போலீசில் கொடுத்த புகாரின் நகலை அடுத்த மனுவில் கேளுங்கள், பல கோப்புகள் அதற்குள் கிடைத்துவிடும்.

நாள் கணக்கில் கோட்டை விடுவதுதான் அதிகம் நடப்பது. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் நம்மவர்கள் ஒரு நினைவூட்டுக் கடிதம் போடுவார்கள், அதற்கும் பதில் இல்லாமல் இன்னொன்று. அந்தக் கடிதத்துக்குச் சட்டத்தில் ஒரு மதிப்பும் கிடையாது, கடிகாரம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கெடு முடிந்த நாளிலிருந்தோ, திருப்தியில்லாத பதில் கையில் கிடைத்த நாளிலிருந்தோ முப்பது நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் மேல்முறையீடு போட வேண்டும். அவர் முப்பது நாளில், மிஞ்சினால் 45 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அங்கேயும் நடக்காவிட்டால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையம். கெடு தாண்டித் தருகிற தகவலுக்கு நகல் கட்டணம் கிடையாது, இதை அவர்கள் ஞாபகப்படுத்த மாட்டார்கள்.

ஆணையத்துக்குப் போகும்போது பிரிவு 18இல் புகார் மட்டும் போட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்கள் உண்டு. புகாரில் அதிகாரிக்கு அபராதம் போடலாம், நாளைக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000. ஆனால் தகவலைக் கொடு என்று அந்தப் பிரிவில் உத்தரவிட முடியாது, அதற்குப் பிரிவு 19 மேல்முறையீடுதான் வழி என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வேண்டியது எம்-புக் என்றால் 19ஐப் பிடியுங்கள்.

தனியாக நின்று செய்யாதீர்கள். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை திருமயம் பக்கம் கல்குவாரி முறைகேட்டை எதிர்த்து மனுக் கொடுத்து வந்தவரை லாரி ஏற்றிக் கொன்றார்கள். நம்ம பக்கமும் குவாரிகள் உள்ள சீமைதான். ஆபத்தான விஷயம் என்றால் ஒரே தகவலை நாலைந்து பேர் தனித்தனியாகக் கேளுங்கள், வந்த நகலைப் பல பேரிடம் கொடுத்து வையுங்கள், மிரட்டல் வந்தால் அன்றைக்கே எழுத்தில் புகார் செய்யுங்கள். இன்னொரு பக்கம், "ஆர்.டி.ஐ. போட்டுருவேன்" என்று மிரட்டிக் காசு பார்க்கிற கூட்டமும் நம்மிடையே இருக்கிறது. அவர்களால்தான் நியாயமாகக் கேட்கிறவனையும் ஆபீசில் ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

காகிதம் கைக்கு வந்ததும் ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். ஒப்புக்குக்கூட அதற்கு யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை கூடுகிறது, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே எழுந்து, எம்-புக் பக்கத்தையும் அளந்த போட்டோவையும் காட்டி, தீர்மானப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள். பதிய மறுத்தால் அதையே மனுவாக எழுதிக் கலெக்டருக்குக் கொடுங்கள், ஊராட்சித் தலைவர் மேல் 1994ஆம் வருஷ ஊராட்சிகள் சட்டம் பிரிவு 205இன் கீழ் நடவடிக்கை தொடங்குகிற அதிகாரம் அவருக்குத்தான். உள்ளாட்சி நிதித் தணிக்கைக்கும் ஒரு நகல் போகட்டும். ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் துணைத்தலைவர் கையெழுத்தும் வேண்டும், அதனால் புகாரில் தலைவர் பெயரை மட்டும் எழுதித் துணைத்தலைவரைத் தப்பவிட வேண்டாம், அளந்து கையெழுத்துப் போட்ட ஓவர்சியரையும். கொடுப்பதெல்லாம் ஜெராக்ஸ்தான், ஆபீஸ் முத்திரை போட்ட சான்று நகல் உங்கள் வீட்டுப் பீரோவிலேயே இருக்கட்டும்.