காரடையான் நோன்பு: சரடும் அடையும், முதன்முறை செய்பவர்களுக்கு

மாசி முடிந்து பங்குனி பிறக்கும் வேளையில் பெண்கள் மஞ்சள் சரடு கட்டிக்கொள்ளும் நோன்பு இது. ஆண்களுக்கு ஆவணி அவிட்டம் என்றால், தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்து பிராமண வீடுகளில் பெண்களுக்கு நூல் மாற்றும் நாள் இதுதான். கல்யாணமானவர்கள் கணவனின் ஆயுளுக்காகவும், கன்னிப் பெண்கள் நல்ல வரன் அமையவும் கட்டிக்கொள்கிறார்கள். சரடு கட்ட ஒரு நிமிஷம் போதும். முதல் தடவை செய்பவர்கள் தடுமாறுவது இரண்டே இடத்தில்: நேரம் கணிப்பதிலும், நைவேத்தியத்துக்கு ஆவியில் வேகவைக்கும் அடைக்குத் தண்ணீர் வைப்பதிலும்.

பின்னணிக் கதை மகாபாரத வனபர்வத்தில் இருக்கிறது. ஓராண்டுதான் ஆயுள் என்று தெரிந்தே சத்தியவானை மணந்த சாவித்திரி, எமனிடம் வாதாடி அவன் உயிரை மீட்டாள். காட்டில் கிடைத்ததைக் கொண்டு அவள் அடை தட்டி நைவேத்தியம் செய்தாள் என்பது நம் பக்கத்து வழக்கு. காஞ்சியில் மணல் லிங்கம் பிடித்துத் தவமிருந்த காமாட்சியையும் இதோடு சேர்த்துச் சொல்வதால் காமாட்சி நோன்பு என்றும் பெயர். தஞ்சாவூர்க்காரர்களுக்கு மேலவீதி பங்காரு காமாட்சி பக்கத்திலேயே இருக்கிறாள்.

நேரம் பார்ப்பது

மார்ச் 14 அல்லது 15-ல் வரும். தேதியை விட மாதப்பிறப்பு நேரம்தான் முக்கியம். சூரியன் மீனத்தில் நுழையும் நேரம் ஆண்டுக்கு ஆண்டு சுமார் 6 மணி நேரம் தள்ளிப்போகும். அதனால் ஒரு வருஷம் காலையில் வந்த நோன்பு அடுத்த வருஷம் மத்தியானம், அதற்கடுத்து சாயங்காலம், பிறகு நடுராத்திரி என்று நகரும். போன வருஷ நேரத்தை நம்பி உட்காராதீர்கள். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் நேரம் வேறுபடும். வீட்டில் எதைப் பின்பற்றுகிறார்களோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பார்த்து நடுவில் ஒரு நேரம் வைப்பது எதிலும் சேராது.

"மாசிச் சரடு பாசி படியும்" என்பார்கள், பாசி படியும் அளவுக்கு நிலைக்கும் என்று பொருள். அதாவது மாசி இருக்கும்போதே சரடு கழுத்தில் ஏறிவிட வேண்டும். மாதப்பிறப்பு மாலை 6 மணிக்கு என்றால், இலை போட்டு நைவேத்தியம் முடிய அரை மணி, அடை வேக வைத்து ஆற இரண்டு மணி என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டு, மூன்றரைக்கெல்லாம் அடுப்பைப் பற்றவையுங்கள். சரடு கட்டும்வரை உபவாசம். நடுராத்திரியில் வரும் வருஷங்களில் வயதானவர்களும் மாத்திரை சாப்பிடுபவர்களும் பழம், பலகாரம் எடுத்துக்கொள்வதில் தப்பில்லை.

சரடு

கடையில் மஞ்சள் கட்டிய சரடு தயாராகவே கிடைக்கும். வாங்கும்போது பருத்தி நூலா என்று பாருங்கள். நைலான் கலந்ததில் முடிச்சு நிற்காது. சாயம் தோய்த்தது வியர்வையில் கழுத்தெல்லாம் இறங்கும், சிலருக்கு அரிக்கும். வீட்டிலேயே செய்வது சுலபம். வெள்ளைப் பருத்தி நூலை மூன்று இழையாகத் திரித்து, ஆளுக்கு ஒரு முழமும் ஒரு சாணும் (65 முதல் 70 செ.மீ.) வெட்டிக்கொள்ளுங்கள். மஞ்சளைக் கல்லில் இழைத்து, அந்த விழுதை நூலில் தடவி நிழலில் உலர்த்துங்கள். நடுவில் கட்ட, பொங்கல் பானைக்குக் கட்டிய மஞ்சள் கொத்தில் எடுத்து வைத்த கிழங்கு இருந்தால் நல்லது. காய்ந்த விரலி மஞ்சள் கத்திக்குப் பிடிகொடுக்காது. ஓர் அங்குலத் துண்டு போதும். துளை போட்டால் பிளந்துவிடும். நடுவில் சுற்றிலும் லேசாகப் பள்ளம் கீறி, அதில் நூலைச் சுற்றி முடிச்சிடுங்கள். பக்கத்தில் ஒரு பூவும் சேர்த்துக் கட்டுங்கள்.

வீட்டில் எத்தனை பெண்களோ அத்தனை சரடு, அம்பாளுக்கு ஒன்று கூடுதலாக.

அடை மாவு

ஒன்றரை கப் பச்சரிசி இடித்தால் இரண்டு கப்புக்குச் சற்று மேல் மாவு வரும். ஒரு கப் வெல்ல அடைக்கு, ஒரு கப் உப்படைக்கு. மூன்று நான்கு பேருக்குத் தாராளம்.

அரிசியைக் களைந்து அரை மணி ஊறவைத்து வடிகட்டி, துணியில் பரப்பி கால் மணி உலர விடுங்கள். கையில் ஒட்டக்கூடாது, ஈரமும் போய்விடக்கூடாது; அதுதான் அரைக்கும் பதம். அரைத்துச் சலித்து, அடி கனமான வாணலியில் மிதமான தீயில் வறுங்கள். முதலில் ஆவி வரும், கட்டி கட்டியாக இருக்கும். பிறகு உதிரியாகும். விரல் நுனியில் எடுத்து இழுத்தால் கோலப்பொடி மாதிரி அறுபடாமல் கோடு விழ வேண்டும். நிறம் லேசாகச் சிவந்ததும் உடனே வேறு தட்டில் கொட்டுங்கள், வாணலிச் சூட்டிலேயே விட்டால் அடிமாவு கருகும். வறுபடாத மாவில் செய்த அடை வாயில் பசை மாதிரி ஒட்டுவதற்குக் காரணம் வேறெதுவும் இல்லை.

காராமணியை (வெல்ல அடைக்கும் உப்படைக்கும் தலா 2 மேசைக்கரண்டி) வெறும் வாணலியில் வாசனை வர வறுத்து முதல் நாள் இரவே ஊறப்போடுங்கள். மறுநாள் குக்கரில் இரண்டு விசில். முழுதாக வெந்த பிறகே வெல்லத்தில் சேர்க்க வேண்டும். வெல்லத்தில் விழுந்த காராமணி அதற்குமேல் வேகவே வேகாது.

வெல்ல அடை: மாவு 1 கப், பொடித்த வெல்லம் 1 கப், தண்ணீர் 2 கப், தேங்காய்ப் பல் 2 மேசைக்கரண்டி, ஏலக்காய்ப் பொடி கால் தேக்கரண்டி, நெய் 1 தேக்கரண்டி.

இந்த 2 கப் தண்ணீர் பழைய அரிசிக்கு. டெல்டாவில் சம்பா அறுவடை தையில் முடிந்து, நோன்பு நேரத்தில் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் புது அரிசி. புது அரிசி தண்ணீர் குறைவாகத்தான் இழுக்கும். ஒன்றரை கப்பில் தொடங்குங்கள். கால் கப் வெந்நீர் பக்கத்தில் இருக்கட்டும், தேவைப்பட்டால் தெளிக்கலாம். சமையல் குறிப்பில் போட்டிருக்கிறதே என்று 2 கப்பையும் ஊற்றி, அடை தட்டவே வராமல் களியாகிப்போவதுதான் இங்கே அடிக்கடி நடப்பது.

வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து மண் போக வடிகட்டி, மறுபடி கொதிக்க விடுங்கள். பாகு பதம் வரக்கூடாது. வந்தால் அடை ஆறியதும் விறைத்துவிடும். காராமணி, தேங்காய், ஏலக்காய், நெய் சேர்த்து, தீயைக் குறைத்து, மாவை ஒரு கையால் தூவி மறு கையால் கிளறுங்கள். திரண்டு வாணலியை விட்டு வந்ததும் இறக்கி மூடி பத்து நிமிஷம்.

உப்படைக்கு எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பெருங்காயம், பச்சைமிளகாய் 2, இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, அதே அளவு தண்ணீர், உப்பு, காராமணி, தேங்காய். மீதி எல்லாம் அதே முறை.

எலுமிச்சை அளவு உருண்டை எடுத்து, நெய் தடவிய வாழையிலைத் துண்டில் அரை அங்குல கனத்துக்குத் தட்டி, நடுவில் விரலால் துளையிடுங்கள். துளை இல்லாவிட்டால் நடுப்பகுதி வேகாமல் வெளுத்து நிற்கும். ஓரம் விரிசல் விட்டால் தண்ணீர் போதவில்லை: வெந்நீர் தெளித்துப் பிசையுங்கள். கையில் ஒட்டினால் அதிகம்: ஒரு கரண்டி வறுத்த மாவு தூவி, சிறுதீயில் இரண்டு நிமிஷம் புரட்டுங்கள். இட்லிப் பானையில் 10 முதல் 12 நிமிஷம். மேலே பளபளப்பு வந்து, ஈரவிரலால் தொட்டால் ஒட்டாதிருந்தால் வெந்தாயிற்று. ஐந்து நிமிஷம் கழித்து எடுங்கள், சூட்டோடு எடுத்தால் பிய்யும்.

இலை போட்டுச் சரடு கட்டுவது

குளித்து, சுவாமி முன் கோலம் போட்டுக் காவி இட்டு, விளக்கேற்றுங்கள். அம்பாளுக்கு ஒரு நுனியிலை, பெண்கள் ஒவ்வொருவருக்கும் ஓரிலை. இலையில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பழம், வெல்ல அடை, உப்படை, வெண்ணெய், சரடு. வெண்ணெய் உப்புச் சேராததாக இருக்கட்டும். மார்ச் வெயிலில் சீக்கிரம் இளகும் என்பதால், உருண்டையாக்கித் தண்ணீரில் போட்டு வைத்து, அடை நன்றாக ஆறிய பிறகு கடைசியாக இலையில் வையுங்கள். நோன்புப் பாட்டே "உருகாத வெண்ணெயும் ஓரடையும் நான் தருவேன், ஒருக்காலும் என் கணவன் என்னைப் பிரியாதிருக்க வேண்டும்" என்றுதான் போகிறது (வீட்டுக்கு வீடு ஓரிரு சொல் மாறும்).

தீர்த்தம் சுற்றி நைவேத்தியம் செய்து, முதல் சரடை அம்பாள் படத்துக்குச் சாத்துங்கள். வீட்டின் மூத்த பெண்மணி தான் கட்டிக்கொண்டு, பிறகு மாட்டுப்பெண், பெண்களுக்கு வரிசையாகக் கட்டுவார். சில வீடுகளில் மனைவிக்குக் கணவனே கட்டுவதும் உண்டு. முடிச்சு மூன்று. மஞ்சளும் பூவும் முன்பக்கம் வரட்டும். பெரியவர்களுக்கு நமஸ்காரம் செய்து, அதே இலையில் உட்கார்ந்து அடையை வெண்ணெயோடு சாப்பிடுங்கள். வெண்ணெய் தவிர பால், தயிர், மோர் அன்று சேர்ப்பதில்லை என்ற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது.

போன வருஷச் சரடு இன்னும் கழுத்தில் இருந்தால், புதியது ஏறிய பிறகே கழற்ற வேண்டும். அதை ஆற்றில் விட வேண்டும் என்று சொல்வார்கள். ஆனால் மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது. மார்ச்சில் காவிரியில் பெரும்பாலும் மணல்தான். வீட்டு நந்தியாவட்டைச் செடியடியில் போட்டு மண்ணை மூடிவிடலாம். பருத்தி நூலானால் மக்கிவிடும், நைலான் மக்காது.

இரண்டு அடை எடுத்து வைத்து மறுநாள் காலை பசுவுக்குக் கொடுங்கள். மீந்த வெல்ல அடையைப் பிரிட்ஜில் வைத்தால் கல்லாகும். வெளியிலேயே மூடி வைத்து, மறுநாள் ஐந்து நிமிஷம் ஆவியில் காட்டினால் பழைய பதத்துக்கு வரும். உப்படையைத் துண்டு போட்டு, கடுகு தாளித்து வாணலியில் புரட்டினால் காலை டிபனுக்கு ஆயிற்று.