மனம் அலைபாயும்போது குரோஷா: எதில் தொடங்குவது?

நிம்மதிக்காகப் பின்ன உட்காருகிறவர்கள் ஸ்வெட்டரையோ வாசல் தோரணத்தையோ முதலில் எடுக்க வேண்டாம். பாதியில் தவறு நேர்ந்தால் இருக்கிற கலக்கம் கூடும். ஒரு சிறு சதுரம் போதும். பதற்றம் உள்ளவர்களுக்கு இரண்டு ஊசிப் பின்னலைவிட, கொக்கி முனையுள்ள ஒற்றை ஊசியால் போடும் குரோஷாதான் தோது. ஊசியில் நிற்பது ஒரே கண்ணி. நழுவினாலும் அதை மாட்டிக்கொண்டு தொடரலாம்.

4 மி.மீ. குரோஷா ஊசியும், வெளிர் நிறத்தில் நடுத்தரத் தடிமனுள்ள பருத்தி நூல் 50 கிராமும் வாங்குங்கள். கறுப்பு நூலில் கண்ணி தெரியாது. வியர்க்கும் கையில் அக்ரிலிக் பிசுபிசுக்கும்.

ஊசியில் முடிச்சுப் போட்டு 21 செயின் போடுங்கள்: நூலைச் சுற்றி, ஊசியில் நிற்கும் கண்ணி வழியாக இழுத்தால் ஒரு செயின். ஊசிக்கு அடுத்த செயினை விட்டு, இரண்டாவதிலிருந்து ஒவ்வொன்றிலும் ஒரு சிங்கிள் குரோஷே: ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் இரண்டு கண்ணி நிற்கும், மறுபடி நூலைச் சுற்றி இரண்டின் வழியாகவும் இழுங்கள். வரிசைக்கு 20. முடிவில் ஒரு செயின் போட்டுத் திருப்பி, அதை எண்ணாமல் முதல் தையலிலேயே குத்துங்கள். அகலமும் உயரமும் சமமாகும்வரை போடுங்கள். ஏறத்தாழ 22 வரிசை வரும்.

ஓரம் குறுகினால் கடைசித் தையல் விடுபட்டிருக்கிறது. அகன்றால், திருப்பிய செயினிலும் குத்தியிருக்கிறீர்கள். அடிப்பக்கம் மட்டும் சுருங்கினால் செயின் இறுக்கம். அதை மட்டும் 5 மி.மீ. ஊசியில் போடுங்கள். மொத்தமும் அட்டைபோல் விறைத்தால் ஊசியைக் குறை சொல்லாதீர்கள், நூலைப் பிடித்த விரல்தான் இறுகியிருக்கிறது. கவலை பல நேரம் கையில்தான் முதலில் தெரியும். வரிசை திருப்பும்போதெல்லாம் தோளைத் தளர்த்தி, மூச்சை நீளமாக விடுங்கள்.

எண்ணிக்கை ஒரு பக்கம், இரண்டு கைகளின் வேலை ஒரு பக்கம் என்று கவனம் பிடிபடுவதால், ஒரே கவலையை அசைபோட இடம் குறைகிறது. 2013இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஆக்குபேஷனல் தெரபி இதழில் வந்த ஆய்வுக்காக, ஊசிப் பின்னல் போடும் 3,545 பேர் இணையத்தில் பதிலளித்தார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள் கூடுதல் அமைதியை உணர்வதாகச் சொன்னார்கள். அது அவர்கள் தாங்களே சொன்னது. மருந்தை நிறுத்த அது காரணமாகாது. தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால் மருத்துவரைப் பாருங்கள். சாகத் தோன்றினால் காத்திருக்கவே வேண்டாம். இந்தியாவில் அரசின் மனநல உதவி அழைப்பான டெலி மானஸ் எண் 14416, எந்நேரமும் அழைக்கலாம்.

20 நிமிடத்துக்கு ஒருமுறை விரல்களை விரித்து மடக்குங்கள். கட்டைவிரல் மரத்துப்போனால் அன்றைக்கு அவ்வளவுதான். வீடியோ பார்த்தே பின்னாதீர்கள். நடுவில் வரும் வாட்ஸ்அப் எல்லாவற்றையும் கெடுக்கும். அளவைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சில சதுரங்கள் போனதும் கை தானாக ஓடும், மனம் பழைய கவலைக்கே திரும்பும். அப்போது வரிசையை மாற்றுங்கள்: ஒரு சிங்கிள், ஒரு டபுள் என்று மாறி மாறி 20. டபுள் என்றால், நுழைக்கும் முன்பே நூலை ஒருமுறை சுற்றி, இழுத்ததும் நிற்கும் மூன்று கண்ணியை இரண்டிரண்டாக இருமுறை இழுப்பது. அடுத்த வரிசையில் டபுளின் மேல் சிங்கிள், சிங்கிளின் மேல் டபுள்.