அறைவீட்டுக்குள் வந்துவிட்ட கைபேசி

‘நீயோ ஜெபம்பண்ணும்போது, உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி’ என்கிறது மத்தேயு 6:6. கதவைப் பூட்டத்தான் செய்கிறோம். பூட்டுகிற கையிலேயே கைபேசியும் இருக்கிறது. வேதாகமம் அதில்தானே இருக்கிறது என்று காரணமும் சொல்லிக்கொள்கிறோம். பல வருடம் நானும் அப்படித்தான் சொன்னேன். சங்கீதத்தைத் திறக்கப் போன விரல் இரவில் வந்த வாட்ஸ்அப் செய்திகளைத் தொட்டு, இருபது நிமிடம் கழித்து ஏதோ ஒரு பிரியாணிக் கடைக் காணொளியில் போய் நிற்கும். அதற்குள் வீட்டில் காபி ஆறியிருக்கும், ஜெப நேரமும் முடிந்திருக்கும்.

ஊடகம் என்றதும் சபைகளில் ஆபாசம், சினிமா, சூதாட்டம் என்று எச்சரிக்கிறார்கள். அந்த எச்சரிக்கை தேவைதான். ஆனால் கெட்டதைப் பார்க்காவிட்டால் போதும், உள்ளம் பத்திரமாக இருக்கும் என்று நம்புவதுதான் நாம் செய்கிற முதல் தவறு. தீங்கற்றதும் ஜெபத்தைக் கலைக்கும். இதை 1600 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தவர் புனித அகுஸ்தீன். கடவுளிடம் தம் வாழ்க்கையை அறிக்கையிட்டு எழுதிய நூலின் பத்தாம் பகுதியில், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதும் சிலந்தி இரையை வலையில் சுற்றுவதும் தம் கவனத்தை இழுத்துக்கொள்வதாக ஒப்புக்கொள்கிறார். பல்லியைப் பார்ப்பது பாவமா? அவருடைய கவலை அதுவல்ல. இப்படிப்பட்ட அற்பங்கள் உள்ளத்தில் குவிந்துவிட்டால் ஜெபம் நடுவிலேயே அறுந்துபோகிறதே என்றுதான் வருந்துகிறார்.

ஈ கிடைத்ததும் பல்லியாவது ஓய்ந்துவிடும். நம் திரைக்கு அடிப்பக்கம் என்று ஒன்று இல்லை. தள்ளத் தள்ள முடிவில்லாமல் நீளும் அந்த அமைப்பை 2006இல் வடிவமைத்த ஆசா ராஸ்கின் என்பவரே பிற்பாடு அதற்காக வருந்தியிருக்கிறார்.

அடுத்த தவறு பக்தியின் உருவத்திலேயே வருகிறது. காலையில் ஐந்து குழுக்களிலிருந்து ஐந்து வாக்குத்தத்த வசனங்கள், பூப்படத்தோடு. நாமும் இருவருக்கு அனுப்பிவிட்டு, தியானம் முடிந்தது என்று எழுந்துவிடுகிறோம். இவற்றில் அதிகம் சுற்றுவது எரேமியா 29:11 என்று நினைக்கிறேன்: ‘நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு’. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக்கொண்டு போகப்பட்டவர்களுக்கு எழுதிய கடிதத்தில் வரும் வரி அது. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் நிறைவேறிய பின்பே திரும்பி வருவீர்கள் என்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் பலர் திரும்பி வருவதைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. பூப்படத்தில் அந்தப் பத்தாம் வசனத்துக்கு இடமில்லை. அதிகாரம் முழுவதையும் வாசித்தவருக்குக் கிடைப்பது வேறு வகையான ஆறுதல்.

பிரசங்கங்களை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் காய் நறுக்குவதும் இதே வகைதான். கேட்பது தவறல்ல, அதை ஜெபக் கணக்கில் சேர்ப்பதுதான் தவறு. முதலாம் சங்கீதத்தில் ‘தியானம்’ என்று வரும் இடத்தில் எபிரெயத்தில் உள்ள சொல்லுக்கு வாய்க்குள் முணுமுணுப்பது என்ற பொருள் உண்டு. ஏசாயா 31:4இல் இரையின்மேல் நின்று உறுமும் சிங்கத்துக்கும் அதே சொல்தான் வருகிறது. கிடைத்ததை விடாமல் வைத்துக்கொண்டு உறுமுகிற வேலை அது. ஒன்றரை மடங்கு வேகத்தில் அது நடக்காது.

மூன்றாவதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். பிற ஊழியர்களின் உபதேசப் பிழைகளைக் கிழித்துத் தொங்கவிடும் காணொளிகளை இரவு பதினொரு மணிவரை பார்த்துவிட்டு, அதைச் சத்தியத்துக்கான வைராக்கியம் என்று பெயரிட்டு அழைக்கிறோம். கள்ள உபதேசத்தைச் சோதித்தறிவது அவசியம், மறுக்கவில்லை. ஆனால் படுக்கையில் முழந்தாளிடும்போது நாவில் எழுவது விண்ணப்பமா, அந்தப் போதகருக்கு மனதிற்குள் எழுதிக்கொண்டிருக்கும் பதிலா? யோவான் 21இல் பேதுரு இன்னொரு சீஷனைக் காட்டி, ‘ஆண்டவரே, இவன் காரியம் என்ன’ என்று கேட்கிறான். ‘உனக்கென்ன, நீ என்னைப் பின்பற்றிவா’ என்ற பதில் வருகிறது.

நாற்பது நாள் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று செயலிகளை நீக்கி, ஈஸ்டர் மதியம் எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொள்பவர்கள் எங்கள் சபையிலும் உண்டு. 2020 சாம்பல் புதனன்று திருத்தந்தை பிரான்சிஸ், தொலைக்காட்சியை அணைத்து வேதாகமத்தைத் திறக்கும் காலம் இது என்றார். அணைப்பதை மட்டும் செய்துவிட்டுத் திறப்பதை விட்டுவிட்டால் நாற்பது நாளும் வெறும் பல்லைக் கடித்தல்தான்.

அணைத்தவுடன் அமைதி வரும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். முதலில் வருவது சலிப்பு. நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, நண்பகலில் துறவியைப் பிடிக்கும் சோர்வைப் பற்றி எழுதியிருக்கிறார். பொழுது நகரவே நகராது. துறவி அடிக்கடி ஜன்னலைப் பார்ப்பார், சூரியன் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அளப்பார், யாராவது வரமாட்டார்களா என்று எட்டிப் பார்ப்பார். கைபேசியை எடுக்கத் துடிக்கும் கையை அவர் அறிந்தே எழுதியதுபோல இருக்கிறது. அவர் சொன்ன மருந்து, அறையை விட்டு ஓடாமல் உட்கார்ந்திருப்பது.

எனக்கு உதவியது மிகச் சாதாரணமான ஏற்பாடு. இரவில் கைபேசி சமையலறையில் சார்ஜ் ஏறும். மேஜையில் அச்சிட்ட வேதாகமம், பக்கத்தில் ஒரு பென்சில். ஒரு பகுதியை வாய்விட்டு இரண்டு முறை வாசிப்பேன். அலாரத்துக்காகத்தான் கைபேசியைத் தலைமாட்டில் வைக்கிறேன் என்பவர்கள் கடைத்தெருவில் ஒரு அலாரக் கடிகாரம் வாங்கிக்கொள்ளலாம். என்னுடையது கொஞ்சம் சத்தமாக அடிக்கிறது. வீட்டில் அதைப் பற்றி ஒரு புகார் இருக்கிறது.