ஏழாம் மாதத்தில் இரண்டு ஊசி

தங்கை மகளுக்கு ஏழாம் மாதம். படி ஏறக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, வீட்டோடு இருங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஈரோட்டில் மாடி வீடு. நாலு நாள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவள் ஐந்தாம் நாள் என்னைக் கூப்பிட்டாள். "பெரியம்மா, நீங்க ஊசி வச்சுப் பின்னுவீங்கல்ல, அதை எனக்குச் சொல்லித் தாங்களேன். ஒரு ஸ்வெட்டர் போடலாம்னு இருக்கேன்."

ஈரோட்டு வெயிலில் ஸ்வெட்டர் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. ஸ்வெட்டரில் மட்டும் ஆரம்பிக்காதே கண்ணு என்றேன். இங்கே குன்னூரில் மழை கொட்டுகிறது, எனக்கும் வெளியே போக வழியில்லை. மூன்று வாரமாக வீடியோ காலில் நடந்த அந்தப் பாடம்தான் இது. வீட்டில் நேரம் மிச்சமாகக் கிடப்பவர்கள் யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கலாம்.

எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு ஹிமாச்சல்காரர். 1984இல் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் பக்கத்துப் போர்ஷன். அவர் கணவர் வெலிங்டன் ராணுவ முகாமில் வேலை பார்த்தார். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. தீதி என்று கூப்பிடுவேன். என் விரலைப் பிடித்துக்கொண்டு "சீதா, சீதா, உல்டா" என்று சொல்லிச் சொல்லியே கற்றுக்கொடுத்தார். ஆங்கிலப் புத்தகங்களில் நிட், பர்ல் என்று இருப்பதுதான் சீதாவும் உல்டாவும். எனக்கு இன்றுவரை சீதா, உல்டாதான். ஊசியில் வரிசையாக நிற்கும் ஒவ்வொரு வளையத்தையும் நான் கண்ணி என்பேன்.

ஊசி வாங்கும் இடத்திலேயே பலரும் சறுக்குவார்கள். நம் ஊர்க் கடைகளில் கிடைக்கும் ஊசிக்குப் பழைய பிரிட்டிஷ் நம்பர். அதில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும்: 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ. அமெரிக்க வீடியோக்களில் சொல்லும் நம்பர் இதற்குத் தலைகீழ். அவர்களுடைய 8, 5 மி.மீ. தடிமன். இவள் வீடியோ பார்த்து 8 என்று ஆர்டர் போட்டு, நம் ஊர் 8 வந்து, நூல் ஏன் இப்படி இறுகுகிறது என்று இரண்டு நாள் குழம்பினாள். நம்பரை விடுங்கள், மி.மீ. பாருங்கள். முதல் ஜோடிக்கு 4 மி.மீ. சரியாக இருக்கும். ஸ்டீல் ஊசியில் நூல் வழுக்கி ஓடும், புதுக் கைக்கு மூங்கில் நல்லது.

நூல் விஷயத்தில், சமவெளியில் இருப்பவர்கள் கம்பளி பக்கமே போக வேண்டாம். லேபிளில் 4 மி.மீ. ஊசி என்று போட்டிருக்கும் பருத்திப் பின்னல் நூல் வாங்குங்கள். வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பிலும் கருநீலத்திலும் கண்ணி கண்ணுக்கே தெரியாது. கடையில் 'உல்லன் நூல்' என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக்தான். சந்தேகமாக இருந்தால் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி, முடி கருகிய வாசனையோடு பொடிந்து சாம்பலாகும். அக்ரிலிக் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும்.

ஊசியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை. வீட்டில் இருக்கும் டி-ஷர்ட்டோ பனியனோ ஒன்றை எடுத்து, நல்ல வெளிச்சத்தில் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெளிப்பக்கம் குட்டிக் குட்டி V எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிப் போகும். உள்பக்கம் திருப்பினால் குறுக்கே மேடுமேடாக இருக்கும். திருப்பூரில் மெஷின் போடுவதும் நாம் ஊசியில் போடுவதும் ஒரே பின்னல். V தெரிகிற பக்கம் சீதா, மேடு தெரிகிற பக்கம் உல்டா. அதாவது உல்டா தனிப் பின்னலே இல்லை, சீதாவின் முதுகு. இதைக் கண்ணால் பார்த்துவிட்டால் பாதிப் பாடம் முடிந்தது. பனியன் துணியை வெட்டினால் ஓரம் பாய் போலச் சுருண்டுகொள்ளும், கவனித்திருப்பீர்கள். நாம் பின்னுவதும் அப்படித்தான் சுருளும். அதனால்தான் கழுத்திலும் விளிம்பிலும் ரிப், அதாவது கோடுகோடாக இழுபடும் பட்டி, வைக்கிறார்கள்.

சரி, ஊசிக்கு வருவோம். நூல் முனையில் ஒரு சாண் விட்டு, இழுத்தால் இறுகுகிற சுருக்கு முடிச்சு ஒன்று போட்டு இடது ஊசியில் மாட்டுங்கள். அதுதான் முதல் கண்ணி. வலது ஊசியின் நுனியை அந்தக் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னாக, இடது ஊசிக்கு அடியில் போகும்படி நுழையுங்கள். இரண்டு ஊசியும் பெருக்கல் குறி மாதிரி நிற்கும், வலது ஊசி பின்னால். பந்திலிருந்து வரும் நூலும் பின்னால்தான் இருக்க வேண்டும். அந்த நூலை வலது ஊசி நுனியில் அடியிலிருந்து மேலாக ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு ஊசிக்கும் நடுவில் விடுங்கள். இப்போது வலது ஊசியை மெல்லத் தாழ்த்தி, சுற்றிய நூலையும் கவ்விக்கொண்டு கண்ணி வழியாக முன்னால் வாருங்கள். வலது ஊசியில் புதுக் கண்ணி ஒன்று பிறந்திருக்கும். அதைத் தூக்கி இடது ஊசியில் மாட்டினால் இரண்டு கண்ணி. இப்படியே 36 வரை ஏற்றுங்கள்.

இந்த முறையை நான் சொல்வதற்குக் காரணம், கண்ணி ஏற்றுகிற அசைவும் சீதா போடுகிற அசைவும் ஒன்றே. ஏற்றும்போது புதுக் கண்ணியை இடது ஊசிக்குக் கொடுக்கிறோம். பின்னும்போது அதை வலது ஊசியிலேயே வைத்துக்கொண்டு, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுகிறோம். 36 கண்ணி ஏற்றி முடிக்கும்போது கை தானாகப் பழகியிருக்கும்.

முதலில் பாத்திரம் துடைக்கும் துணி ஒன்று போடுங்கள். சிரிக்க வேண்டாம். கோணலாக வந்தாலும் தட்டுக்கு என்ன தெரியப் போகிறது? 36 கண்ணி, எல்லா வரிசையும் சீதா, வேறு எதுவும் கிடையாது. இரண்டு வரிசைக்கு ஒரு மேடு வரும். 36 மேடு எண்ணியதும் துணி சதுரமாகியிருக்கும். இந்தப் பின்னலில் எத்தனை கண்ணியோ அத்தனை மேடு போட்டால் கிட்டத்தட்ட சதுரம், டேப் வேண்டியதில்லை. 50 கிராம் பந்தில் இரண்டு துணி வரும்.

முடிக்கும்போது இரண்டு கண்ணி பின்னி, வலது ஊசியில் முதலில் வந்ததைப் பிடித்து இரண்டாவதன் தலைக்கு மேலாகத் தாண்டி இறக்குங்கள். அப்புறம் இன்னொன்று பின்னி, மறுபடி தாண்டல். கடைசியில் ஒரே கண்ணி நிற்கும்போது நூலை வெட்டி, முனையை அதற்குள் விட்டு இழுத்துவிடுங்கள். இறுக்காமல் செய்யுங்கள், இல்லையென்றால் அந்த ஓரம் மட்டும் சுருக்குப் பை போல ஆகிவிடும்.

இவளுக்கு 36 கண்ணி, பத்தாவது வரிசையில் 41 ஆகியிருந்தது. "பெரியம்மா, குட்டி போடுது" என்றாள். எல்லாருக்கும் முதல் வாரம் குட்டி போடும். வரிசை முடிந்து ஊசியைத் திருப்பியதும் நூலை ஊசிக்கு மேலாகப் பின்னால் இழுத்துவிடுகிறோம். அப்படி இழுத்தால் முதல் கண்ணியின் இரண்டு காலும் மேலே ஏறி, பார்க்க இரண்டு கண்ணி போல நிற்கும். நாமும் இரண்டாகப் பின்னிவிடுவோம். திருப்பியதும் நூலை முன்பக்கம் கீழே ஒருமுறை இழுத்துவிட்டு, ஊசிக்கு அடிவழியாகப் பின்னால் கொண்டுபோங்கள். வரிசைக்கு ஒருமுறை எண்ணுங்கள், அவ்வளவுதான்.

கண்ணி நழுவிக் கீழே இறங்கினால் பதற வேண்டாம். அது இறங்கிய வழியில் ஏணிப் படி மாதிரி குறுக்கு நூல்கள் தெரியும். பனியன் மாதிரிப் பின்னல் என்றால் V பக்கத்தை உங்களைப் பார்க்க வைத்து, குரோஷா ஊசியை (நுனியில் கொக்கி இருக்குமே, அது) நழுவிய கண்ணிக்குள் முன்னாலிருந்து விட்டு, மேலே இருக்கும் முதல் படியைக் கவ்வி உள்ளே இழுங்கள். அடுத்த படி, அதற்கடுத்த படி. எல்லாம் சீதாவாகப் போட்ட துணியில் மட்டும் ஒவ்வொரு படிக்கும் துணியைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மேலே வந்ததும் ஊசியில் மாட்டிவிடுங்கள். குரோஷா ஊசி இல்லாத காலத்தில் நான் கொண்டை ஊசியை வளைத்து வைத்துக்கொண்டே சமாளித்திருக்கிறேன்.

இரண்டாவது துணியை மூலைவாட்டில் போடுங்கள், இதில்தான் ருசி. 4 கண்ணி ஏற்றி ஒரு வரிசை பின்னுங்கள். அப்புறம் ஒவ்வொரு வரிசையிலும் 2 சீதா, நூலை முன்னால் கொண்டுவந்து ஊசி மேல் ஒரு சுற்று, மிச்சம் எல்லாம் சீதா. வரிசைக்கு ஒரு கண்ணி கூடும், சுற்று விட்ட இடத்தில் அழகாக ஓட்டை விழும். 46 கண்ணி ஆனதும் இறங்கு வரிசை: 1 சீதா, 2 கண்ணியைச் சேர்த்து ஒன்றாகப் பின்னல், ஒரு சுற்று, மறுபடி 2 சேர்த்து, மிச்சம் சீதா. மறுபடி 4 கண்ணி வரும்வரை இதே. நாலு பக்கமும் லேஸ் கரை வைத்த சதுரம் கையில் இருக்கும். எந்த நூலிலும் எந்த ஊசியிலும் இது வரும்.

ஒரே சாயங்காலத்தில் முடிகிற வேலை வேண்டுமா? டம்ளருக்கு உறை. 12 கண்ணி, எல்லாம் சீதா, காபி டம்ளரைச் சுற்றி வருவதற்கு அரை விரல் குறைவாக இருக்கும்போது முடித்து, இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்துவிடுங்கள். இழுத்துப் போட்டால்தான் நழுவாமல் நிற்கும். மஃப்ளர் மட்டும் முதலில் வேண்டாம். எளிது என்று எல்லாரும் சொல்வார்கள். எளிதுதான், ஆனால் நாலு முழம் ஒரே மாதிரி போட்டுக்கொண்டிருக்க யாருக்குப் பொறுமை? பாதி மஃப்ளர் இல்லாத பீரோ குன்னூரில் இருக்காது.

இனி உல்டா. நூலை முன்னால் கொண்டுவாருங்கள். வலது ஊசியைக் கண்ணிக்குள் வலமிருந்து இடமாக, இடது ஊசிக்கு முன்னால் இருக்கும்படி நுழையுங்கள். நுனியில் நூலை மேலாகச் சுற்றி, ஊசியைப் பின்பக்கம் தள்ளி, பழைய கண்ணியை நழுவ விடுங்கள். ஒரு வரிசை சீதா, திருப்பி ஒரு வரிசை உல்டா என்று போனால் பனியன் துணி. 2 சீதா 2 உல்டா என்று மாற்றி மாற்றிப் போனால் ரிப். சீதாவிலிருந்து உல்டாவுக்கு மாறும்போது நூலை ஊசிகளுக்கு நடுவே முன்னால் கொண்டுவர வேண்டும், திரும்பும்போது பின்னால். மறந்தால் மறுபடி குட்டி போடும்.

இந்த இரண்டும் வந்தபின் அளவு பார்த்துச் செய்கிற பொருளுக்குப் போகலாம், ஆனால் மாதிரித் துண்டு போடாமல் போகக் கூடாது. நான் என் வீட்டுக்காரருக்குப் போட்ட முதல் ஸ்வெட்டர் 100 செ.மீ. சுற்றளவுக்குக் கணக்கு. புத்தகத்தில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி, ஆகவே 200 கண்ணி. என் கை இறுக்கம், எனக்கு 22 விழுந்திருக்கிறது. பார்க்கவில்லை. இரண்டு கண்ணிதானே? ஸ்வெட்டர் 91 செ.மீ. வந்தது. இரண்டு மாத வேலை. அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் ஆபீசுக்குப் போட்டுப் போனார், சாப்பாட்டு வேளையிலேயே கழற்றிவிட்டாராம். தீதி சிரித்துக்கொண்டே முழுவதையும் உருவிவிட்டார். உருவின நூல் இடியாப்பம் மாதிரி நெளிந்து கிடக்கும். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து நிழலில் தொங்கவிட்டால் நேராகிவிடும். அதே நூலில் மறுபடி போட்டேன். 25 கண்ணி ஏற்றி ஒரு துண்டு பின்னி, நடுவில் 10 செ.மீ.க்கு எத்தனை என்று எண்ணுங்கள். 20 வந்தால் கீழே இருக்கும் கணக்கு அப்படியே சரி. கூட வந்தால் ஊசியைத் தடிமனாக்குங்கள், குறைந்தால் மெலிதாக்குங்கள்.

பிறந்த குழந்தைக்குத் தொப்பி: 72 கண்ணி. 3 செ.மீ. வரை 2 சீதா 2 உல்டா. 72 நாலால் வகுபடுவதால் திருப்பிய பக்கமும் அதே கணக்குதான். அப்புறம் ஒரு வரிசை சீதா, ஒரு வரிசை உல்டா என்று, அடியிலிருந்து மொத்தம் 10 செ.மீ. வரும்வரை, கடைசி வரிசை உல்டாவாக. இனி உச்சி. 7 சீதா, 2 சேர்த்து. இப்படி வரிசை முழுக்க எட்டு முறை. 64 கண்ணி மிஞ்சும். ஒரு வரிசை உல்டா. அடுத்து 6 சீதா, 2 சேர்த்து. பின்னர் 5, 4, 3, 2, 1 என்று இறங்கிக்கொண்டே வாருங்கள், நடுநடுவே உல்டா வரிசை மறக்காமல். 16 கண்ணி நிற்கும்போது இரண்டிரண்டாகச் சேர்த்தால் 8. நூலை ஒரு முழம் விட்டு வெட்டி, தையல் ஊசியில் கோத்து, அந்த எட்டுக் கண்ணிக்குள்ளும் ஓட்டி இழுங்கள். அதே நூலால் பக்கத்தைத் தைத்துக் கீழே வரலாம். 50 கிராம் பந்து ஒன்றே போதும், அதிலும் மிஞ்சும். பட்டன், கயிறு, மணி எதுவும் குழந்தைப் பொருளில் வைக்காதீர்கள். தூங்கும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும்.

இவளுக்கு இன்னொன்றும் சொன்னேன். மாசமாக இருக்கும்போது கை வீங்கும், காலையில் விரல் மரத்துப்போகும். அரை மணி பின்னினால் ஊசியைக் கீழே வை, முழங்கைக்கு அடியில் தலையணை வை, மரத்தால் அன்றைக்கு விட்டுவிடு. கேட்கிறாளா என்று தெரியாது. துணி மட்டும் ஒன்பது ஆகிவிட்டது.

தொப்பிக்கு அவள் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. பிறக்கும் முன்னால் குழந்தைக்கென்று எதுவும் எடுத்து வைக்கக் கூடாதாம். என் அம்மாவும் அப்படித்தான், அதனால் நான் வாதாடவில்லை. பின்னி வை, தைக்காதே என்றேன். தைக்காதவரை அது தொப்பி இல்லை, துணிதான். மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றாராம். இப்போது அது இளமஞ்சளில், உச்சியில் எட்டுக் கண்ணியும் இழுபடாமல் நூலில் கோத்தபடி, ஒரு முழ வால் தொங்க அலமாரியில் தட்டையாகக் கிடக்கிறது. பக்கத்தில் தையல் ஊசி. டாக்டர் டிசம்பர் முதல் வாரம் என்றிருக்கிறார்.