பூட்டிக் கிடந்த வீட்டு முற்றத்தை மீட்பது

நல்லூர்த் திருவிழாவுக்கென்று ஆடி, ஆவணியில் வெளிநாட்டிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களில் பலர் பூட்டிக் கிடக்கும் வீட்டையும் போய்த் திறந்து பார்ப்பார்கள். படலையைத் தள்ளினால் இடுப்பளவு பற்றை. பார்த்ததும் வரும் யோசனை, ‘முழுக்கச் சீமெந்து போட்டுவிடுவோம்’ என்பதுதான். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கும் மாரி மழைதான் நம் கிணற்றுத் தண்ணீர். முற்றத்தை மூடினால் அந்த மழை ஒழுங்கைக்கு ஓடிவிடும்.

பழக்கப்பட்ட ஆளை வைத்தே துப்புரவாக்குங்கள். ஓலை, மட்டைக் குவியலுக்குள் கண்ணாடிப் புடையன் என்ற விஷப்பாம்பு படுத்திருக்கலாம். முதலில் தடியால் தட்டுங்கள், சப்பாத்துப் போடுங்கள். சண்டை நடந்த பகுதி என்றால் துருப்பிடித்த எதையும் தொடாமல் பொலிஸ் அவசர இலக்கமான 119க்கு அறிவியுங்கள். வெள்ளைப் பூப் பூக்கும் பார்த்தீனியம் நின்றால் கையுறை போட்டு, பூக்குமுன் வேரோடு பிடுங்க வேண்டும். தோலில் பட்டால் கடிக்கும், சிலருக்கு மூச்சும் முட்டும். சிரட்டை, பழைய டயர், உடைந்த சட்டி எல்லாவற்றையும் அகற்றுங்கள். மாரி தொடங்கியதும் டெங்கு நுளம்பு பெருகுவது அவற்றில்தான். இலை, ஓலைக் குப்பையைக் கொளுத்தாமல் தென்னைக்கடியில் தாழ்த்துங்கள்.

வேலியில் கை வைக்குமுன் பக்கத்து வீட்டாரோடு கதையுங்கள். வேலிக்கு ஊன்றிய கதியால் தடி பட்டுப்போய்விட்டதென்று பிடுங்கினால் எல்லையே அழிந்துபோகலாம். காணி உறுதியையும் வரைபடத்தையும் வைத்து இருவருமாகப் பார்த்த பிறகு தொடங்கினால் வழக்கு வராது. மதில் கட்டப் பணம் இருந்தாலும் ஒரு பக்கமாவது கிளுவையோ பூவரசோ நிற்கட்டும். நிழலும் வரும், குழையும் வரும்.

அப்புறம் நடுகை. நான் ஆவணியில் ஆசையாக வாங்கி நட்ட ரோசாக்கள், நாங்கள் விமானம் ஏறி ஒரு மாதத்துக்குள் கருகிப் போயின. சோளகக் காற்றும் வெயிலும் சேர்ந்த காலம் அது. மண்ணைக் கொத்தி, எரு போட்டு, குழியை மட்டும் ஆயத்தமாக்கிவிட்டு வாருங்கள். ஐப்பசியில் மழை விழுந்ததும் கதியாலும் கன்றும் ஊன்ற ஊரில் ஒருவரைக் கேளுங்கள். மார்கழி விடுமுறைக்குப் போகிறவர்கள் நேரே நடலாம். செவ்வரத்தை, நந்தியாவட்டை, தேமா, நித்தியகல்யாணி போதும். வேர் பிடித்தபின் பெரிய கவனிப்புக் கேட்காதவை. புற்றரை வேண்டாம், கிணறு தாங்காது.

வாசலுக்கு நேரே உள்ள மண்ணை வெறுமையாகவே விடுங்கள். விளக்குமாற்றுக் கோடு விழுந்த மண்முற்றம்தான் நம் வீட்டுக்கு முகம். அது தினமும் கூட்டினால்தான் நிற்கும். ஆகவே புறப்படுமுன் அயலில் உள்ள ஒரு அக்காவிடம் மாதச் சம்பளம் பேசி, எந்தத் திகதியில் அனுப்புவீர்கள் என்பதையும் சொல்லி, படலைத் திறப்பு ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு வாருங்கள்.