யுரேகாவில் ஒரு விக்டோரியா கால வீட்டின் வயதைக் கண்டுபிடிப்பது எப்படி

கலிபோர்னியாவின் வட கடலோரத்தில் இருக்கும் யுரேகா, ரெட்வுட் மரத்தால் வளர்ந்த ஊர். மர ஆலை முதலாளி வில்லியம் கார்சன் 1884–86இல் கட்டிய மாளிகையைப் படம் பிடிக்காதவர் இல்லை. அதன் கதை எழுதித் தீர்ந்தாயிற்று. தேட வேண்டியிருப்பது சுற்றுத் தெருக்களில் உள்ள சாதாரணக் குடும்ப வீடுகளின் வரலாறுதான். வாசலில் மாட்டியிருக்கும் ஆண்டுப் பலகையை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அது பெரும்பாலும் யாரோ போட்ட உத்தேசக் கணக்கு.

மனையிலிருந்து தொடங்குங்கள். கதவு எண் காலப்போக்கில் மாறியிருக்கலாம். மனைக்கும் அது இருக்கும் தெருத் தொகுதிக்கும் தந்த லாட், பிளாக் எண்களைப் பிடித்துக்கொள்வதுதான் பாதுகாப்பு. யுரேகா இருக்கும் ஹம்போல்ட் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) பதிவாளர் அலுவலகத்தில் விற்றவர், வாங்கியவர் பெயர்ப் பட்டியல்களை வைத்து, இன்றைய உரிமையாளரிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். இடையில் இந்த உரிமைச் சங்கிலி அறுந்தால் சொத்து விற்கப்படாமல் வாரிசுக்குப் போயிருக்கலாம். அப்போது நீதிமன்றத்தின் உயில் கோப்புகளைப் பாருங்கள். மகள் பெற்ற சொத்தென்றால் கல்யாணத்துக்குப் பிறகான பெயரிலும் தேடுங்கள்.

பத்திரம் மண்ணைப் பற்றித்தான் பேசும், வீட்டைச் சொல்லாது. விலையையும் நம்ப முடியாது. பல பத்திரங்களில் ஒப்புக்கு "10 டாலர்" என்றுதான் இருக்கும். 1899, 1900 ஆண்டுப் பத்திரமாக இருந்தால் ஒட்டியிருக்கும் வருவாய் முத்திரைகளைக் கூட்டுங்கள். 500 டாலருக்கு 50 செண்ட் வீதம் வரி. ஆக, 3 டாலர் முத்திரை என்றால் விலை 3,000 டாலரை ஒட்டி இருந்திருக்கும்.

கட்டிய ஆண்டைக் காட்டிக்கொடுப்பது சொத்துவரிப் பேரேடு. கலிபோர்னியாவில் நிலத்துக்கும் கட்டடத்துக்கும் மதிப்பைத் தனித்தனியாகப் போடுவார்கள். கட்டடப் பத்தி ஓராண்டு காலியாக இருந்து மறு ஆண்டு நிரம்பினால் விடை கிடைத்தது. ஒரு சிக்கல்: அந்நாளில் மதிப்பீட்டு நாள் மார்ச் மாதத்து முதல் திங்கள். கோடையில் எழும்பிய வீடு அடுத்த ஆண்டுப் பேரேட்டில்தான் ஏறும்.

அடுத்தது சான்பார்ன் தீக்காப்பீட்டு வரைபடம்: காப்பீட்டு நிறுவனங்களுக்காக ஊரின் கட்டடங்களை ஒவ்வொன்றாக வரைந்தது. ஓர் அங்குலத்துக்கு 50 அடி அளவு. மஞ்சள் நிறம் என்றால் மர வீடு, இளஞ்சிவப்பு என்றால் செங்கல் கட்டடம். அடுத்தடுத்த பதிப்புகளை ஒப்பிட்டால் முன்தாழ்வாரமோ பின்கட்டோ எப்போது சேர்ந்தது என்பது தெரியும். பழைய தாளின் மேல் திருத்தத் துண்டுகளை ஒட்டிய பிரதிகளும் உண்டு. அவற்றில் தலைப்பு ஆண்டை வைத்து முடிவெடுத்தால் பல ஆண்டுகள் பிசகும்.

குடியிருந்தவர்களைத் தேடும்போது 1890 மக்கள்தொகைக் கணக்கை எதிர்பார்க்காதீர்கள். 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பெரும்பகுதி பாழானது. அந்த இடைவெளியை வாக்காளர் பேரேடுகள் ஓரளவு நிரப்பும். தொழில், வயது, பிறந்த நாடு எல்லாம் அதில் உண்டு. ஆனால் 1911 வரை ஆண்கள் மட்டும்தான். 1900 கணக்கில் வீடு சொந்தமா வாடகையா, அடமானத்தில் இருக்கிறதா என்றுகூட இருக்கும்.

கடைசியில் பரணில் ஏறி, வீடு கட்டியபோதே போட்ட மரச்சட்டங்களில் உள்ள ஆணிகளைப் பாருங்கள். தட்டையான, நாலு மூலை உள்ள வெட்டு ஆணி 1890க்கு முந்தையது என்பது பொது விதி. உருண்டைக் கம்பி ஆணி அதன் பிறகு பரவியது. தரைப்பலகை ஆணியை வைத்துத் தீர்மானிக்காதீர்கள், அங்கே வெட்டு ஆணி வெகுகாலம் ஓடியது. பழைய பெயின்டைச் சுரண்டியோ உப்புத்தாள் போட்டோ சோதிக்க வேண்டாம். 1978க்கு முன் அடித்ததில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளுக்கு நஞ்சு.