ரிசார்ட்டில் பிள்ளைகள்: கூட்டாகச் சுற்றுலா செல்லும் குடும்பங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழு ஆண்டுத் தேர்வு முடிந்ததும், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, திருவொற்றியூர், வியாசர்பாடி பகுதிகளிலிருந்து மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து வேன் பிடித்து, கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள ஏதாவதொரு ரிசார்ட்டுக்கோ ஏலகிரிக்கோ சென்று ஓரிரவு தங்கி வருவது இப்போது வழக்கமாகிவிட்டது. செலவைப் பங்கிட்டுக்கொள்ளலாம், பிள்ளைகளுக்கும் துணை கிடைக்கும் என்பதால் இது நல்ல ஏற்பாடுதான். ஆனால், வீட்டில் தாயும் தந்தையும் மட்டுமே கவனித்துக்கொள்ளும் பிள்ளையை, ரிசார்ட்டில் எட்டுப் பெரியவர்கள் இருந்தும் எவரும் கவனிக்காமல் போகும் நிலை இத்தகைய கூட்டுப் பயணங்களில்தான் அதிகம் நேர்கிறது. அத்தை பார்ப்பார் என்று அம்மாவும், அம்மா பார்ப்பார் என்று அத்தையும் நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை என்று பிறகு அலுத்துக்கொள்வதில் பயனில்லை. அங்கு நடக்கும் விபரீதங்களில் பெரும்பாலானவை பெரியவர்களின் ஏற்பாட்டில் உள்ள ஓட்டையால் வருபவை என்பதே என் கருத்து.

அந்த ஓட்டை, வேன் ரிசார்ட் வாசலில் நின்ற முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். ஆண்கள் வரவேற்பறையில் ஆதார் நகலைக் கொடுத்துவிட்டு, எந்தக் குடும்பத்துக்கு எந்த அறை என்று பேசிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளிசாதம் கொட்டியிருக்கிறதா என்று பைகளைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குள் பிள்ளைகள் செருப்பை ஆளுக்கொரு மூலையில் உதறிவிட்டு, போட்டிருந்த உடையோடு நீச்சல் குளத்துக்குள் இறங்கியிருப்பார்கள். நீச்சல் உடை இல்லாமல் இறங்கக் கூடாது என்று காவலாளி சத்தம் போடும்போதுதான் பெரியவர்களுக்குச் செய்தி தெரியவரும்.

ஆகவே, யார் எப்போது கவனிப்பது என்பதை வேனிலேயே பெயர் சொல்லி முடிவு செய்துவிட வேண்டும். மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை சித்தப்பா, அடுத்த ஒரு மணி நேரம் பெரியம்மா என்று முறை வைத்துக்கொள்ளலாம். முறைக்கு வந்தவர் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுக் குளக்கரையிலேயே உட்கார வேண்டும். கழிப்பறைக்குச் செல்வதானாலும், "நீ வந்து நில்லு, நான் போய்ட்டு வரேன்" என்று வாய் திறந்து சொல்லி, மற்றவர் வந்து நின்ற பிறகே எழ வேண்டும். மது அருந்தியவரை இந்த முறையில் சேர்க்கவே கூடாது. அவர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

இந்தப் பொறுப்பை மூத்த பெண் பிள்ளையின் தலையில் கட்டுவது பல குடும்பங்களில் காணப்படும் இன்னொரு தவறு. பதினான்கு வயதுப் பெண்ணிடம் ஆறு சிறுவர்களை ஒப்படைத்துவிட்டு, அவள் வயதுடைய ஆண் பிள்ளைகளைச் சுற்றித் திரிய விடுகிறோம். அவளும் விடுமுறைக்கு வந்த பிள்ளைதான். அவள் அதட்டினால் தம்பிகள் அடங்க மாட்டார்கள். ஆனால், ஏதேனும் நடந்துவிட்டால் ஆயுள் முழுவதும் அந்தப் பழியைச் சுமக்கப்போவது அவள்தான்.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. நீரில் மூழ்குபவர் கையை ஆட்டிக் கூச்சலிடுவார் என்ற எண்ணம் தவறானது. மூச்சுக்கே திணறுபவரால் குரல் எழுப்ப இயலாது. தலை பின்னால் சாய்ந்து, வாய் நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாகப் போய் வர, ஒரு நிமிடத்துக்குள்ளாகவே ஓசையின்றி மூழ்கிவிடக்கூடும். மூளைக்கு ஆக்சிஜன் செல்வது நின்றால், நான்கைந்து நிமிடங்களிலேயே மீளாத பாதிப்பு தொடங்கிவிடும். பல ரிசார்ட்டுகளில் உயிர்காப்பாளர் இருப்பதில்லை. "சொந்தப் பொறுப்பில் குளிக்கவும்" என்ற பலகை மட்டுமே இருக்கும்.

பதின்ம வயதினர் குளத்தில் விளையாடும் இரண்டு விளையாட்டுகளைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். ஒன்று, தலைகீழாகப் பாய்வது. குளத்தின் விளிம்பில் எழுதியிருக்கும் ஆழம் நான்கடியாக இருக்கும் இடத்தில் ஐந்தரை அடி உயரப் பையன் தலைகீழாகப் பாய்ந்தால் தலை தரையில் மோதும். கழுத்து எலும்பு முறிந்து தண்டுவடம் பாதிக்கப்பட்டால், கை கால்கள் நிரந்தரமாகச் செயலிழக்கலாம். மற்றொன்று, நீருக்கடியில் யார் அதிக நேரம் மூச்சடக்குவது என்ற போட்டி. இதற்காக முதலில் வேக வேகமாக மூச்சு வாங்கி விடுவார்கள். அப்படிச் செய்யும்போது இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுவதால், மேலே வந்து மூச்சுவிட வேண்டும் என்ற உந்துதல் உரிய நேரத்தில் எழுவதில்லை. ஆக்சிஜன் தீர்ந்ததும் எந்த எச்சரிக்கையுமின்றி நீருக்குள்ளேயே மயக்கம் வந்துவிடுகிறது. நன்றாக நீந்தத் தெரிந்த பிள்ளைகளுக்கும் இந்த ஆபத்து உண்டு.

கடல் விஷயத்தில் வட சென்னைக் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. காசிமேட்டிலும் திருவொற்றியூர்க் குப்பங்களிலும் வளர்ந்த பையன்களுக்குக் கடலைக் கண்டு பயம் கிடையாது. பெற்றோரும் "கடலுக்குப் பக்கத்துலயே வளர்ந்த புள்ளைங்க" என்று பெருமையோடு விட்டுவிடுகிறார்கள். சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு, அதற்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கேயோ கடல் கரையை அரிக்கத் தொடங்கியது. அதைத் தடுப்பதற்காக இராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை பல இடங்களில் பாறைகளைக் கொட்டிக் கற்சுவர்களும், கடலுக்குள் நீளும் தூண்டில் வளைவுகளும் அமைத்திருக்கிறார்கள். அந்தக் கற்களுக்கிடையே குளித்துப் பழகிய பிள்ளைக்கு, கோவளம், மாமல்லபுரம் பக்கத்துத் திறந்த கடற்கரை முற்றிலும் புதியது. அங்கே மீனவர்கள் நீவாடு என்று சொல்லும் நீரோட்டத்தின் போக்கும், மணல் திட்டு இருக்கும் இடமும், திடீரென்று ஆழமாகும் இடமும் அவனுக்குத் தெரியாது. கரையிலிருந்து உள்ளே இழுக்கும் ஓட்டத்தில் சிக்கினால், நேராகக் கரையை நோக்கி நீந்திக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்திலிருந்து விலகிய பிறகே திரும்ப வேண்டும். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டாலும், ரிசார்ட்டின் பின்வாசல் கதவைத் திறந்துகொண்டு பெரியவர் துணையின்றி அவர்கள் கடலுக்குப் போவதை அனுமதிக்கலாகாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், பெரியவர்கள் உடன் இருந்தாலும் கடலில் இறங்காமல் இருப்பதே நல்லது.

மூழ்கியவரை மீட்டதும் தலைகீழாகப் பிடிப்பதும், தோளில் போட்டுச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுக்க முயல்வதும் நம்மிடையே இன்னமும் தொடர்கின்றன. இவை பொன்னான நேரத்தை வீணாக்குவதோடு, வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகவும் வழி செய்யும். 108-ஐ அழைக்க ஒருவரை ஏவிவிட்டு, மூச்சு இல்லையென்றால் வாயோடு வாய் வைத்து 2 முறை காற்றூதி, நெஞ்சின் நடுவில் 30 முறை வேகமாக அழுத்தி, உதவி வரும் வரை இதையே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும்.

இரவில் வரும் தொல்லை வேறு விதமானது. பிள்ளைகள் எல்லோரும் ஒரே அறையில் படுக்க ஆசைப்படுவார்கள். பெரியவர்களும் நிம்மதியாகப் பேசலாம் என்று சம்மதித்துவிடுவார்கள். பதினொன்றரை மணிக்கு மேல் ஓடு பதித்த நடைவழியில் வெறுங்காலோடு ஓடும் சத்தம், கதவுகள் அறையும் சத்தம், மின்தூக்கியின் எல்லாப் பொத்தான்களையும் அழுத்திவிட்டுச் சிரிக்கும் சத்தம் எல்லாம் கைக்குழந்தையோடு வந்து பக்கத்து அறையில் படுத்திருப்பவருக்குத்தான் கேட்கும். அவர் வந்து கடிந்துகொண்டால், "சின்னப் பசங்கதானே சார், ஒரு நாள்தானே" என்று பிள்ளைகளுக்கு எதிரிலேயே பரிந்து பேசுவதைவிடப் பெரிய தவறு வேறில்லை. பிள்ளைகள் தங்கும் அறைக்கு அடுத்த அறையில் ஒரு பெரியவர் படுப்பதும், பத்தரை மணிக்கு மேல் நடைவழிக்கு வரக் கூடாது என்பதைக் கிளம்பும் முன்பே சொல்லிவிடுவதும் போதுமானது. உள்ளே உட்கார்ந்து ஆட ஒரு கேரம் பலகையை வேனில் ஏற்றிக்கொள்ளுங்கள். கேரம் உலகக் கோப்பையில் தங்கம் வென்ற காசிமா வளர்ந்த பகுதிக்காரர்களுக்கு அதைச் சொல்லவும் வேண்டுமா? பால்கனியில் நாற்காலி இருந்தால் அதை அறைக்குள் இழுத்துப் போட்டுவிடுவது நல்லது. முன்பின் தெரியாதவர் எவ்வளவு அன்பாக அழைத்தாலும் அவர் அறைக்குள் போகக் கூடாது என்பதைப் பெண் பிள்ளைகளுக்கு மட்டுமல்லாமல் ஆண் பிள்ளைகளுக்கும் சொல்லிவைக்க வேண்டும்.

மது விஷயத்தில் மழுப்பிப் பேசுவதில் பொருளில்லை. ஆண்கள் ஓர் அறையில் அமர்ந்து குடித்துவிட்டு, மீதிப் புட்டியை மேசையிலேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள். பதினாறு வயதுப் பையனுக்கு அதற்கு மேல் அழைப்பு தேவையில்லை. "என் கண் முன்னால ஒரு வாய் குடிக்கட்டும்" என்று மாமாவே ஊற்றிக்கொடுக்கும் வழக்கமும் இருக்கிறது. 18 வயதுக்குட்பட்டவருக்கு மதுவோ புகையிலைப் பொருளோ கொடுப்பது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். கொடுத்தவர் சொந்தத் தாய்மாமன் என்பதால் சட்டம் விலக்கு அளிப்பதில்லை.

ஸ்கூட்டர் சாவியும் அப்படித்தான். தயிர் வாங்கி வரச் சொல்லி ஒன்பதாம் வகுப்புப் பையனிடம் வண்டியைக் கொடுத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அனுப்புகிறார்கள். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டி ஓட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு இரத்தாகும். அந்தப் பையனுக்கு 25 வயது வரை ஓட்டுநர் உரிமம் கிடைக்காது.

குளத்தில் குளிக்கும் பிறர் தெரியும்படி ரீல்ஸ் எடுப்பதைப் பலர் தவறாகவே கருதுவதில்லை. நம் வீட்டுப் பெண் ஈர உடையோடு முன்பின் தெரியாத ஒருவரின் காணொளியில் வந்தால் சண்டைக்குப் போகும் நாம், நம் பிள்ளை அதையே செய்யும்போது கண்டுகொள்ளாமல் இருக்கிறோம். குளக்கரைக்குக் கைப்பேசி வரக் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிட்டால், ஃபோன் தண்ணீரில் விழும் கவலையும் இல்லை.

உடைந்த கண்ணாடி டம்ளர், கறை படிந்த படுக்கை விரிப்பு, காணாமற்போன துண்டு ஆகியவற்றுக்கான கணக்கு அறையைக் காலி செய்யும்போது வரும். அப்போது வரவேற்பறையில் நின்று ஊழியரோடு வாக்குவாதம் செய்யாமல், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஒவ்வோர் அறையையும் பிள்ளைகளோடு சென்று பார்த்துவிட வேண்டும். உடைத்த பிள்ளையையே முன்னால் அனுப்பி, "அண்ணா, இதை நான்தான் உடைச்சேன்" என்று சொல்ல வைத்து, அதற்குரிய தொகையைப் பெரியவர் கட்டிவிடலாம். மொத்தச் செலவைப் பங்கிடும்போது அந்தத் தொகையை உடைத்த பிள்ளையின் குடும்பத்துக் கணக்கில் எழுதிக்கொண்டால், வேனில் திரும்பி வரும்போது மனக்கசப்புக்கு இடமிருக்காது.